பதினொன்றாம் வகுப்பு அரசியல் அறிவியல்: முதல் வாரத்தை எங்கிருந்து தொடங்குவது?

கரிசல்மண்
ஜூன் 12, இரவு 9.10

வணக்கம். ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். சென்ற ஆண்டிலிருந்து பதினொன்றாம் வகுப்பு அரசியல் அறிவியலும் என்னிடம் வந்தது. வகுப்பில் 34 பேர். பாதிப் பேர் விரும்பி எடுத்தவர்கள் இல்லை. வேறு குரூப் கிடைக்காமல் கலைப் பிரிவுக்கு வந்தவர்கள்.

சென்ற ஆண்டு முதல் நாள், அரசியல் என்றதும் என்ன நினைவுக்கு வருகிறது என்று கேட்டு, வந்த பதில்களைக் கரும்பலகையில் எழுதினேன். கட்சி, கொடி, மைக் செட், ஓட்டுக்குக் காசு, சண்டை. ஒரு மாணவி எழுந்து, "நமக்கு வேண்டாத விஷயம் டீச்சர், வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள்" என்றாள். "அது அப்படியில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் புத்தகத்தைத் திறந்துவிட்டேன். அந்த இடத்தில் நின்று பேசியிருக்க வேண்டும் என்று இன்றும் தோன்றுகிறது.

இரண்டாம் நாள் 'அரசு' என்ற பாடம். மக்கள், நிலப்பரப்பு, அரசாங்கம், இறையாண்மை (வேறு யாருக்கும் கட்டுப்படாத உச்ச அதிகாரம்) ஆகிய நான்கும் சேர்ந்தால்தான் அரசு. தமிழ்நாட்டுக்குத் தனி இறையாண்மை இல்லை, ஆகவே இந்தப் பாடத்தின் பொருளில் அது அரசு ஆகாது என்றேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன், "இந்தப் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே தமிழ்நாடு அரசு என்று போட்டிருக்கிறதே டீச்சர்?" என்று கேட்டான். மணி அடித்துவிட்டது. மறுநாள் நான் சொன்ன விளக்கம் எனக்கே நிறைவாக இல்லை.

அடுத்த வாரம் புதிய வகுப்பு தொடங்குகிறது. இந்தப் பாடத்தை நடத்துகிறவர்கள், படித்தவர்கள் சொல்லுங்கள். முதல் ஐந்து நாளில் என்ன செய்வீர்கள்?

சொல்லடுக்கு
ஜூன் 12, இரவு 10.02

அந்தப் பையனின் கேள்வியிலிருந்தே இந்த ஆண்டைத் தொடங்குங்கள் டீச்சர். புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திறக்கச் சொல்லி, அந்த இரண்டு சொற்களைக் காட்டி, நீங்களே கேளுங்கள்.

சிக்கல் மாணவரிடம் இல்லை, சொல்லில் இருக்கிறது. தமிழில் 'அரசு' ஒரே நேரத்தில் பல வேலை செய்கிறது. 'அரசு கவிழ்ந்தது' என்கிறபோது அமைச்சரவையைச் சொல்கிறோம். 'அரசு ஊழியர்' என்கிறபோது நிர்வாகத்தைச் சொல்கிறோம். 'அரசுக்கு எதிரான குற்றம்' என்கிறபோதுதான் பாடப்புத்தகம் சொல்லும் அந்தப் பெரிய பொருள் வருகிறது. ஆங்கிலத்தில் முடிச்சு வேறு இடத்தில் விழுந்திருக்கிறது. அங்கே இறையாண்மை உள்ள நாட்டுக்கும் ஸ்டேட்தான், தமிழ்நாடு போன்ற ஒரு மாநிலத்துக்கும் ஸ்டேட்தான். நாம் 'மாநிலம்' என்ற சொல்லால் அதைப் பிரித்துவிட்டோம். ஆனால் அரசையும் அரசாங்கத்தையும் பேச்சில் பிரிக்கவில்லை. ஆகவே புத்தகத்தில் போட்டிருப்பது தமிழ்நாடு அரசாங்கம் என்ற பொருளில் என்று சொல்லலாம்.

இதை விளக்க நான் இரண்டு பொருள்களை வகுப்புக்கு எடுத்துப்போவேன். ஒன்று பாஸ்போர்ட். அதை இந்தியக் குடியரசு தருகிறது, எந்த மாநிலமும் தர முடியாது. இறையாண்மை எங்கே இருக்கிறது என்று அதைக் கையில் கொடுத்துக் காட்டலாம். இன்னொன்று ரேஷன் கார்டு. 2021 மே மாதம் தமிழ்நாட்டில் ஆட்சி மாறியது, உங்கள் வீட்டுக் கார்டு மறுநாள் செல்லாமல் போனதா என்று கேட்பேன். ஆட்சி மாறும், அதன்கீழ் உள்ள அமைப்பு நிற்கும் என்பதைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

பிறகு அரசமைப்புச் சட்டத்தின் 12ஆவது உறுப்புக்கு வரலாம். அடிப்படை உரிமைகள் பகுதியில் 'அரசு' என்றால் நாடாளுமன்றம், சட்டமன்றம், ஒன்றிய மாநில அரசாங்கங்கள், உள்ளாட்சி அமைப்புகள் எல்லாமே அடங்கும் என்கிறது அது. அதன்படி உங்கள் ஊர் ஊராட்சியும் 'அரசு'தான். சட்டம் ஒரு சொல்லுக்குத் தன் தேவைக்கேற்பப் பொருள் சொல்லிக்கொள்ளும் என்று பதினாறு வயதில் தெரிந்துகொள்வது நல்ல தொடக்கம்.

பழைய கரும்பலகை
ஜூன் 13, காலை 6.25

முப்பது ஆண்டுகளுக்கு மேல் மேல்நிலை வகுப்பு நடத்தி ஓய்வு பெற்றவன். ஒன்றை வலியுறுத்திச் சொல்ல வேண்டும். முதல் வாரம் முழுக்கக் கதையும் உரையாடலுமாகப் போய்விடக் கூடாது.

நம்மிடம் வரும் பிள்ளைகளில் பலர் வீட்டில் முதல் தலைமுறையாகப் பன்னிரண்டாம் வகுப்பைத் தொடுகிறவர்கள். வகுப்பில் அருமையாகப் பேசிய பிள்ளை, தேர்வில் 'இறையாண்மை வரையறு' என்ற இரண்டு மதிப்பெண் கேள்வியை விட்டுவிட்டு வரும். மதிப்பெண்தான் அந்தப் பிள்ளையைக் கல்லூரி வாசல் வரை கொண்டுபோகிறது. நான் தினம் ஒரு கலைச்சொல் வீதம் வாரம் ஐந்து சொற்கள் தருவேன். நோட்டில் ஒரு பக்கம் ஒரு சொல்லுக்கு. மேலே வரையறை, கீழே அவர்கள் ஊரிலிருந்து ஓர் உதாரணம், மீதி இடம் காலி. ஆண்டு முழுக்க அந்தக் காலி இடத்தை நிரப்பிக்கொண்டே போக வேண்டும்.

அப்புறம், அவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. ஆறாம் வகுப்பில் உள்ளாட்சி படித்தார்கள், ஒன்பதில் அரசாங்கத்தின் வகைகளும் தேர்தலும் படித்தார்கள், பத்தில் அரசமைப்பு, மத்திய அரசு, மாநில அரசு எல்லாம் படித்துத் தேர்வும் எழுதினார்கள். முதல் நாள் அதிலிருந்து பத்துக் கேள்வி கேளுங்கள். எது நினைவில் நிற்கிறது, எது உதிர்ந்துவிட்டது என்று தெரிந்தால் பாதி வழி தெளிவாகிவிடும்.

ஏரிக்கரை
ஜூன் 13, காலை 11.40

ஐயா சொல்லும் கலைச்சொல் நோட்டை நானும் ஏற்கிறேன். ஆனால் வரையறை முதலில் வந்தால் அது மனப்பாடமாகவே தங்கிவிடுகிறது. பொருளை முதலில் தொட்டுப் பார்த்த பிள்ளை, வரையறையைத் தானே தேடி வரும். நான் செய்வதைச் சொல்கிறேன்.

காலையில் எழுந்ததிலிருந்து பள்ளி வாசல் வரை எந்தெந்த அரசாங்கம் உன்னைத் தொட்டது என்று எழுதிவரச் சொல்வேன். இவ்வளவுதான் வீட்டுப்பாடம். முதலில் 'எதுவுமில்லை' என்பார்கள். பிறகு குழாயடியில் தொடங்கும். மேல்நிலைத் தொட்டியையும் தெருக் குழாயையும் பார்த்துக்கொள்வது ஊராட்சி. தண்ணீர் ஆற்றிலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வருகிறது என்றால் அங்கே குடிநீர் வடிகால் வாரியம் வந்துவிடுகிறது. அடுப்பில் வேகும் ரேஷன் அரிசியை விநியோகிப்பது மாநிலம், அதற்குப் பின்னால் இந்திய உணவுக் கழகமும் 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கின்றன. மாணவர் வந்த டவுன் பஸ் மாநிலத்தினுடையது. வழியில் மூடியிருந்த ரயில்வே கேட் ஒன்றியத்தினுடையது. கையிலிருக்கும் போனின் அலைக்கற்றையும் ஒன்றியத்தின் அதிகாரம். தம்பி, தங்கை தொடக்கப் பள்ளியில் படித்தால் அங்கே சாப்பிடும் காலை உணவு, 2022இல் மாநில அரசு தொடங்கிய திட்டம்.

மறுநாள் இதையெல்லாம் பலகையில் மூன்று பத்தியாகப் பிரிப்போம். ஒன்றியத்துக்கும் மாநிலத்துக்கும் அதிகாரங்களைப் பிரித்துத் தரும் அரசமைப்பின் ஏழாவது அட்டவணை அங்கேயே பிறந்துவிடும். அரசமைப்பு நடைமுறைக்கு வந்தபோது ஒன்றியப் பட்டியலில் 97 பொருள்கள், மாநிலப் பட்டியலில் 66, இருவரும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலில் 47 என்று சொன்னால், அதற்குள் அந்த எண்களுக்கு ஒரு முகம் வந்திருக்கும்.

கடைசியாக 'பள்ளிக்கூடம் எந்தப் பத்தி?' என்று கேட்பேன். எல்லோரும் மாநிலம் என்பார்கள். 1976 வரை அது சரியான பதில். அந்த ஆண்டின் 42ஆவது திருத்தம் கல்வியைப் பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. காடு, வன விலங்குப் பாதுகாப்பு, எடையும் அளவும், நீதி நிர்வாகத்தின் ஒரு பகுதி ஆகியவையும் கூடவே போயின. அது நெருக்கடி நிலைக் காலம். 'ஏன் அப்போது?' என்று யாராவது ஒருவர் கேட்பார். கேட்டுவிட்டால் வகுப்பு தொடங்கிவிட்டது என்று நான் எடுத்துக்கொள்வேன்.

இரு பிள்ளைகளின் தாய்
ஜூன் 13, பிற்பகல் 3.15

நான் ஆசிரியர் இல்லை. என் மகள் இந்த ஆண்டு இந்தப் பிரிவில்தான் சேர்ந்திருக்கிறாள். எனக்கு உண்மையாகவே ஒரு கவலை இருக்கிறது. நாங்கள் இருக்கும் இடத்தில் கட்சிப் பற்று அதிகம். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு சின்னம். ஆசிரியர் தெரியாமல் ஒரு சொல் சொன்னாலும் அது மாலைக்குள் தெருவுக்கு வந்துவிடும். நெருக்கடி நிலை, மாநில உரிமை என்றெல்லாம் பேசினால் அது கட்சி பேசியதாக ஆகாதா? குறை சொல்லவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

ஏரிக்கரை
ஜூன் 13, மாலை 5.50

நியாயமான கேள்வி அம்மா. அரசு ஆசிரியர்கள் தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள், 1973க்குக் கட்டுப்பட்டவர்கள். கட்சிப் பணியில் ஈடுபடக் கூடாது, வாக்குக் கேட்கக் கூடாது. அந்த விதி இல்லாவிட்டாலும் வகுப்பறையில் நான் அப்படித்தான் இருப்பேன். என் முன்னால் இருப்பவர்கள் என் கையால் மதிப்பெண் வாங்குகிறவர்கள். அவர்களிடம் என் கட்சியைச் சொல்வது அவர்களை வளைப்பதாகிவிடும்.

ஆனால் கட்சி பேசாமல் இருப்பதும் அரசியலைப் பேசாமல் இருப்பதும் ஒன்றல்ல. 1976இல் ஒரு திருத்தம் நிறைவேறியது வரலாறு. அதை ஆதரித்தவர்கள் சொன்ன காரணம், எதிர்த்தவர்கள் சொன்ன காரணம் இரண்டையும் பலகையில் எழுதுவேன். ஒவ்வொரு மாணவரும் தனக்கு ஒப்பாத பக்கத்துக்காக இரண்டு நிமிடம் பேச வேண்டும். முதலில் திணறுவார்கள். பழகிவிட்டால், பிறகு வீட்டில் நடக்கும் வாக்குவாதத்திலும் எதிராளி சொல்வதைக் காதில் வாங்குகிறார்கள் என்று பெற்றோர்களே வந்து சொல்லியிருக்கிறார்கள்.

ஆண்டுக்கு ஒருமுறையாவது, "சார், நீங்கள் யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள்?" என்று கேட்டுவிடுவார்கள். நான் கோபப்படுவதில்லை. வாக்கின் ரகசியத்தை அன்றைக்குப் பாடமாக எடுத்துவிடுவேன். கூலி கொடுப்பவரும் கடன் கொடுத்தவரும் ஊர்ப் பெரியவரும் கேட்டாலும் சொல்ல வேண்டியதில்லை என்ற பாதுகாப்பு ஏன் தேவைப்பட்டது என்று பேசுவோம். கூலி வேலை செய்யும் வீட்டுப் பிள்ளைகளுக்கு அதைப் பெரிதாக விளக்க வேண்டியதே இல்லை.

மூன்றாம் அலுவலர்
ஜூன் 14, காலை 7.05

தேர்தல் பணிக்குப் பலமுறை போனவன் என்ற முறையில் ஒரு யோசனை. உங்கள் பள்ளிச் சுவரில் வாக்குச்சாவடி எண் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான அரசுப் பள்ளிகளில் இருக்கும். பிள்ளைகள் தினமும் அதைக் கடந்துதான் போகிறார்கள்.

வகுப்பறையையே ஒருநாள் சாவடியாக மாற்றுங்கள். ஒரு மேசையில் பட்டியலில் பெயர் பார்ப்பவர். அடுத்த மேசையில் பதிவேட்டில் கையெழுத்து வாங்கி, இடது ஆள்காட்டி விரலில் மை வைப்பவர். மூன்றாவது மேசையில் கட்டுப்பாட்டுக் கருவியின் பொத்தானை அழுத்தி வாக்களிக்க விடுபவர். முகவர்கள் எங்கே உட்காருவார்கள், மறைப்பு அட்டை எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதை அவர்களே வாதாடி முடிவு செய்யட்டும். கருவியில் அழுத்தியதும், யாருக்கு வாக்களித்தோம் என்று காட்டும் ஒப்புகைச் சீட்டு ஏழு நொடி தெரியும். அந்த ஏழு நொடி எதற்கு என்று கேளுங்கள்.

ஊரக உள்ளாட்சித் தேர்தலைச் செய்து காட்டினால் இன்னும் நல்லது. அங்கே இன்னும் காகிதச் சீட்டுதான். வாக்காளர் கையில் நான்கு சீட்டு வரும். வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர். தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். முதல் இரண்டு பதவிக்கும் கட்சிச் சின்னம் கிடையாது, பின்னிரண்டுக்கும் உண்டு. ஏன் இந்த வேறுபாடு என்ற ஒரே கேள்வியில் ஒரு பாடவேளை போய்விடும்.

இன்னொன்று. வாக்காளர் பட்டியலில் அவர்கள் பாட்டியின் பெயரைத் தேடச் சொல்லுங்கள். 1951-52 முதல் பொதுத் தேர்தலுக்குப் பட்டியல் எடுத்தபோது, நாட்டின் சில பகுதிகளில் பெண்கள் தம் பெயரைச் சொல்ல மறுத்து 'இன்னாரின் மனைவி', 'இன்னாரின் தாய்' என்று மட்டும் சொன்னார்கள். அப்படி ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பதிவு நீக்கப்பட்டது. பாட்டியின் பெயரைப் பட்டியலில் விரல் வைத்துக் காட்டும் பேத்திக்கு அந்த எண் வேறு மாதிரி படும்.

கரிசல்மண்
ஜூன் 14, இரவு 8.30

எல்லோருக்கும் நன்றி. குறித்துக்கொண்டே வருகிறேன். ஒன்று கேட்க வேண்டும். வரலாறு நடத்துகிறவள் என்பதால் உத்திரமேரூர் குடவோலையிலிருந்து தொடங்கலாமா என்று யோசித்தேன். 'ஆயிரம் ஆண்டுக்கு முன்பே நம்மிடம் தேர்தல் இருந்தது' என்றால் ஆர்வம் வருமே?

பாலாற்றங்கரை
ஜூன் 14, இரவு 9.45

உத்திரமேரூருக்கு மாணவர்களைப் பலமுறை அழைத்துப் போயிருக்கிறேன். தாராளமாகத் தொடங்கலாம், ஆனால் கல்வெட்டில் உள்ளதை முழுதாகச் சொல்ல வேண்டும்.

வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருப்பது முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊர் 30 குடும்புகளாக, அதாவது இன்றைய வார்டு போன்ற பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். கணக்குக் காட்டாதவர் நிற்க முடியாது, அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்க முடியாது. இந்த விதியைப் படித்ததும் பிள்ளைகள் கைதட்டுவார்கள். தட்டட்டும். இன்றைக்கும் நினைத்துப் பார்க்க வேண்டிய விதி அது.

அதன் பிறகு நான் கேட்பது: 'உன் பெயர் அந்தக் குடத்தில் இருந்திருக்குமா?' கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35க்கு மேல் 70க்குள். வேதம் கற்றிருக்க வேண்டும். அது பிரமதேயம், அதாவது பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த ஊர், அந்தச் சபை பிராமண ஆண்களின் சபை. வகுப்பு அமைதியாகிவிடும். ஒருமுறை ஒரு மாணவி, "எங்கள் வகுப்பில் யார் பெயருமே இருந்திருக்காது சார்" என்றாள். அந்த அமைதியிலிருந்துதான் வயது வந்தோர் வாக்குரிமை என்ற சொல்லுக்குப் போவேன். 1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பு, நிலம், படிப்பு, சாதி, பால் எதையும் கேட்காமல் 21 வயதானவர்களுக்கெல்லாம் வாக்குக் கொடுத்தது. 61ஆவது திருத்தம் 1989இல் அதை 18 ஆக்கியது. பழம்பெருமையாக மட்டும் சொல்லி நிறுத்திவிட்டால் இந்தத் தூரம் அவர்களுக்குத் தெரியாமலே போகும்.

குடவோலை ஒரு குலுக்கல் முறை. வாக்கெடுப்பு இல்லை. தேர்தல் என்று சொல்லும்போது அதையும் பிரித்துச் சொல்லுங்கள். குலுக்கலால் எடுப்பதில் என்ன நன்மை, என்ன தீமை என்று விவாதிக்க விடலாம்.

நெல்வயல்
ஜூன் 15, காலை 10.20

வகுப்புத் தலைவர் தேர்தல் நடத்துவதைப் பலரும் முதல் வாரத்தில் செய்வார்கள். நானும் செய்தேன். நடந்ததை மறைக்காமல் சொல்கிறேன், யாருக்காவது உதவும்.

கைதூக்கச் சொன்னேன். எந்தத் தெருப் பிள்ளைகள் எந்தத் தெருப் பிள்ளைக்குக் கைதூக்குகிறார்கள் என்பது கண்ணெதிரே தெரிந்தது. எங்கள் ஊரில் தெரு என்றால் சாதி. பெண்கள் ஒருவரும் நிற்கவில்லை. தோற்ற பையன் இரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை. ஊரில் உள்ளதை நானே வகுப்புக்குள் கொண்டுவந்து நிறுத்திவிட்டேனே என்று மிகவும் வருந்தினேன்.

அடுத்த ஆண்டு வேறு மாதிரி செய்தேன். தலைவர் என்ன வேலை செய்ய வேண்டும் என்று முதலில் வகுப்பே எழுதியது. குடிநீர், நூலகப் புத்தகம், வராதவர்களுக்கு நோட்டு கொடுப்பது, ஆசிரியரிடம் குறை சொல்வது என்று ஆறு வேலைகள். வேட்பாளர்கள் அந்த ஆறைப் பற்றி மட்டும் பேசலாம். ரகசிய வாக்கு. பதவிக் காலம் இரண்டு மாதம், ஒருமுறை இருந்தவர் அந்த ஆண்டு மீண்டும் நிற்க முடியாது. ஒரு தவணை பெண்களுக்கு, ஒரு தவணை பொது. பையன்கள் 'இது நியாயமா?' என்று எதிர்த்தார்கள். 73ஆவது திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்ததிலிருந்து உள்ளாட்சியில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடம் என்றானதையும், தமிழ்நாடு 2016இல் அதைப் பாதியாக உயர்த்தியதையும் வைத்து இரண்டு நாள் விவாதித்தோம்.

அந்த விவாதத்தில் ஒரு மாணவி பேசியதை நான் மறக்கவே முடியாது. அவளுடைய அம்மா ஊராட்சியில் பதவியில் இருந்தவர். "முதல் ஆண்டு அம்மா கையெழுத்து மட்டும்தான் போட்டார். கூட்டத்துக்கு அப்பாதான் போவார். இரண்டாம் ஆண்டு ஒரு பயிற்சிக்குப் போய்வந்த பிறகு கணக்கு நோட்டைத் தன்னிடம் கொடுக்கச் சொன்னார். வீட்டில் பெரிய சண்டை. ஆனால் கொடுத்துவிட்டார்கள்" என்றாள். இடஒதுக்கீட்டை எதிர்த்துப் பேசிய பையன்களில் ஒருவன், "அப்படியானால் ஐந்து வருஷம் போதாது, பத்து வருஷம் வேண்டும்" என்றான்.

சாதி ஒரே ஆண்டில் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டாவது தவணையில் ஆறு வேலையையும் நன்றாகச் செய்வாள் என்று நம்பப்பட்ட ஒருத்தி, எல்லாத் தெருக்களின் வாக்கையும் வாங்கினாள்.

பனங்கூடல்
ஜூன் 15, இரவு 7.30

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். நாங்கள் உயர்தரத்தில் (உங்கள் மேல்நிலை வகுப்பு போன்றது) இதை அரசறிவியல் என்றே சொல்வோம். 'அரசியல்' என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளிக்கிற பிரச்சினை எங்கள் பிள்ளைகளிடமும் உண்டு. பெயரை மாற்றினாலும் அது போகவில்லை.

நான் படிப்பிக்கும்போது அந்தந்தக் காலத்துச் சம்பவம் ஒன்றைப் பிடித்துக்கொள்வேன். எங்கள் சனாதிபதித் தேர்தலில் வாக்காளர் மூன்று பேர் வரை விருப்பு வரிசை இடலாம். பல வருடங்களாக அதைப் புத்தகத்தில் வாசித்துவிட்டுப் போவோம், ஏனென்றால் முதல் எண்ணிக்கையிலேயே ஒருவர் பாதிக்கு மேல் எடுத்துவிடுவார். 2024 செப்டெம்பரில் முதன்முறையாக ஒருவரும் எடுக்காமல் இரண்டாம் விருப்புகளை எண்ணினார்கள். அடுத்த நாள் வகுப்பில் நான் ஒன்றும் தொடங்கவில்லை, பிள்ளைகளே தாளை எடுத்துவைத்து எண்ணிப் பார்த்தார்கள். உங்கள் பக்கத்துத் தொகுதி முறையில் 35 வீதம் (சதவீதம்) எடுத்தவரும் வெல்லலாம் அல்லவா? இரண்டையும் ஒரே வாக்குச்சீட்டுக் கட்டை வைத்து எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். முறை மாறினால் வெல்பவரும் மாறலாம் என்று கண்டுபிடிக்கும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

கறுப்பங்கி
ஜூன் 16, காலை 9.15

ஒரு மாணவியின் பக்கத்திலிருந்து. நான் அரசுப் பள்ளியில் இதே பிரிவில் படித்து இப்போது ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் இருக்கிறேன். அப்போது உறவினர்கள் எல்லோரும் கேட்டது, 'இதைப் படித்து என்ன வேலைக்குப் போவாய்?' டீச்சர், உங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு மனதுக்குள் இந்தக் கேள்விதான் ஓடும். முதல் வாரத்திலேயே அதற்கு நேராகப் பதில் சொல்லிவிடுங்கள். சட்டம் படிக்கலாம். டிஎன்பிஎஸ்சி தேர்வுகளில் இந்திய ஆட்சியியல் ஒரு பகுதி. குடிமைப் பணித் தேர்விலும் அப்படியே. இதழியல், சமூகப் பணி, ஆசிரியர் பணி என்று வழி இருக்கிறது. மற்ற குரூப் கிடைக்காததால் வந்தவர்கள் என்று யாரும் அவர்கள் காதுபடச் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்தச் சொல் நெடுநாள் வலித்தது.

எனக்கு இந்தப் பாடம் பிடித்துப்போனது ஒரு மனுவால். எங்கள் ஆசிரியை தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை நடத்தியபோது, பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாளில் பதில் என்று பலகையில் எழுதிவிட்டு, யார் எதைக் கேட்க விரும்புகிறீர்கள் என்றார். நான் எங்கள் விடுதிக்கு ஒதுக்கிய பணத்தைக் கேட்டு எழுதிப் பழகினேன். அனுப்பவில்லை, பயிற்சிதான். ஆனால் 'கேட்கலாம்' என்று ஒரு சட்டம் என்னிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.

கரிசல்மண்
ஜூன் 27, இரவு 9.00

வகுப்பு தொடங்கி இரண்டு வாரம் ஆகப்போகிறது. நடந்ததைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

முதல் நாள் புத்தகத்தின் முதல் பக்கம். சென்ற ஆண்டு அந்தப் பையன் கேட்டதை அவன் பெயரைச் சொல்லியே எடுத்துவைத்தேன். இப்போது பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறான், கேள்விப்பட்டு இடைவேளையில் வந்து பதில் கேட்டான். பாஸ்போர்ட் யார் வீட்டிலும் இல்லை. என்னுடையதைக் கொண்டுபோனேன். 36 பேர் கைமாறி வந்தது.

மூன்றாம் நாள் காலைநேரப் பட்டியல். அதில் நான் எதிர்பார்க்காதது ஒன்று வந்தது. பஸ் நிறுத்தத்தில் விளக்கு எரிவதில்லை, மாலை ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து போகப் பயமாக இருக்கிறது என்று ஐந்து மாணவிகள் எழுதியிருந்தார்கள். அது எந்தப் பத்தியில் வரும்? ஊராட்சி என்றார்கள் சிலர், சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது என்றார்கள் சிலர். இரண்டு பேர் போய் விசாரித்தார்கள். ஒவ்வொரு இடத்திலும் மற்ற இடத்தைக் கை காட்டினார்கள். வகுப்பே சேர்ந்து இரண்டு மனு எழுதியது. ஒன்று ஊராட்சிக்கு, ஒன்று திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளுக்கு. ஒரு பெற்றோர் கொண்டுபோய்க் கொடுத்து ரசீது வாங்கி வந்தார். விளக்கு இன்னும் எரியவில்லை. ரசீது எண்ணைப் பலகையின் மூலையில் எழுதி வைத்திருக்கிறோம், யாரும் அழிப்பதில்லை.

பழைய கரும்பலகை ஐயா சொன்ன நோட்டும் நடக்கிறது. 'இறையாண்மை', 'அரசாங்கம்', 'கூட்டாட்சி' (ஒன்றியமும் மாநிலங்களும் அதிகாரத்தைப் பகிர்ந்துகொள்ளும் முறை) மூன்றையும் வரையறை தேர்வாக வைத்தேன். சென்ற ஆண்டைவிட நன்றாக எழுதியிருக்கிறார்கள். 'கூட்டாட்சி' பக்கத்தின் உதாரணத்தில் பாதிப் பேர் தெருவிளக்கைத்தான் எழுதியிருந்தார்கள். அது கூட்டாட்சிக்குச் சரியான உதாரணமா என்று நாளை விவாதிக்க வேண்டும்.

ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு அழைத்துப் போகத் தலைமை ஆசிரியரிடம் கேட்டிருக்கிறேன். 18 வயது ஆகாததால் பார்வையாளராக உட்காரலாம் என்று சொல்லியிருக்கிறேன். பெற்றோர் ஒப்புதல் இதுவரை பதினொன்று வந்திருக்கிறது. போவதற்கு முன் எதைப் படிக்கச் சொல்லி அனுப்பலாம்?

ஏரிக்கரை
ஜூன் 27, இரவு 9.40

கூட்டப் பொருளை முன்கூட்டியே அறிவிப்பார்கள். அதைப் பார்த்து எழுதிவரச் சொல்லுங்கள். கூட்டத்தில் வரவு செலவு வாசிக்கும்போது ஒருவர் எண்களைக் குறிக்கட்டும். ஒருவர் யார் யார் பேசினார்கள், அதில் பெண்கள் எத்தனை பேர், எந்தப் பகுதியிலிருந்து என்று குறிக்கட்டும். ஒருவர் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து எப்போது வாங்குகிறார்கள் என்று கவனிக்கட்டும், கூட்டத்துக்கு முன்பா, முடிந்த பின்பா. அந்த விளக்கு விஷயத்தை மாணவிகளின் அம்மாக்களில் ஒருவர் அங்கே எழுப்ப முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள். அவர் அந்தச் சபையின் உறுப்பினர்.

கரிசல்மண்
ஜூன் 27, இரவு 10.05

ஒருவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். நாளை அவர் மகளிடம் மனுவின் நகலைக் கொடுத்து அனுப்புகிறேன்.